தாள் காட்டினான், தாழ் திறக்கவில்லை!

போர்க்களத்தில் நிற்பவனிடம் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. பாய்ந்து வரும் குண்டு அவன் பிறப்பைக் கேட்டுப் பாய்வதில்லை. பீறிடும் குருதி அவன் நிறத்தைப் பார்த்து நிற்பதுமில்லை. ஆனால், போர் முடிந்து, புண் ஆறி, தலைசாய்க்க ஒரு கூரை வேண்டுமென்று கடன் கேட்கும் நாளில்தான் அந்தக் கேள்வி எழுகிறது: "நீ படைவீரனாயிருந்தாய் என்பதற்குச் சான்று யாது?"

கேட்கட்டும்! கேட்பதில் குற்றமில்லை. சான்று கேட்பது நமக்குப் பகையன்று. பகுத்தறிவின் பாலபாடமே அதுதான். ஆயின், சான்று கேட்டவனுக்கும் ஒரு கடமை உண்டு. காட்டப்பட்ட சான்றுக்கு அவன் கட்டுப்பட்டாக வேண்டும். கேட்பது நான், காட்டுவது நீ, முடிவு மட்டும் என் விருப்பம் என்றால், அது விசாரணையன்று, வேடிக்கை!

அமெரிக்க நாட்டிலே இந்த வேடிக்கை நடந்தது. 1944-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள், குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். போர் முடிந்து திரும்பும் வீரர்க்குக் கல்வி, தொழில், வீடு ஆகிய மூன்றுக்கும் வழிகாட்டிய சட்டம் அது. வீட்டுக் கடனைப் பொறுத்தவரை, அரசு தன் பெட்டியைத் திறந்து பணம் தருவதில்லை. வங்கி கடன் தரும். அதில் ஒரு பங்குக்கு அரசு பிணை நிற்கும். பிணை இருப்பதால், கைம்முதல் இல்லாத வீரனும் வீடு வாங்கலாம். இன்றும் அந்தத் திட்டம் உயிரோடு இருக்கிறது.

பிணை பெற முதற்படி, தகுதிச் சான்றிதழ். அதற்கு இரண்டை மெய்ப்பிக்க வேண்டும். ஒன்று, எத்தனை நாள் பணியாற்றினான் என்பது. வியட்நாம் போர்க்கால வீரனுக்கு 90 நாள் போதும்; 1990-க்குப் பின் சேர்ந்தவனுக்கு, பொதுவிதிப்படி, தொடர்ந்து 24 திங்கள் வேண்டும். மற்றொன்று, எத்தகைய பெயரோடு வெளியே வந்தான் என்பது. இவ்விரண்டையும் ஒரே தாளில் சொல்வது பணி விடுவிப்புச் சான்று. 1950 முதல் அதற்கு 'டிடி 214' என்று பெயர்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் டெக்சாஸ் மாநிலத்தில், நண்பர் ஒருவர் இல்லத்தில் சில திங்கள் தங்கியிருந்தோம். அடுத்த வீட்டுப் பெரியவர் கருப்பினத்தவர். வியட்நாமிலே போரிட்டு 1971-இல் விடுவிக்கப்பட்டவர். இருந்த வீட்டை விற்று, மகள் வீட்டருகே சிறியதொரு வீடு வாங்க விரும்பினார். பழைய கடனை அடைத்து, வீட்டையும் விற்றுவிட்டால், தகுதி மீண்டும் கிட்டும் என்பது விதி. ஆனால், அவருடைய விடுவிப்புச் சான்று எங்கோ தொலைந்து போயிருந்தது. செயின்ட் லூயிஸ் நகரத்து ஆவணக் காப்பகத்துக்கு விண்ணப்பம் எழுதும் வேலையில் நாமும் துணை நின்றோம். பெயர், படைப்பிரிவு, பணி எண், சேர்ந்த நாள், பிரிந்த நாள் என்று ஒவ்வொன்றாக நிரப்பினோம். கட்டணம் கேட்கவில்லை. சில வாரங்களில் படி வந்தது. தகுதிச் சான்றிதழும் வந்தது.

தேடிய பெட்டியில் அவர் சான்று கிடைக்கவில்லை; அவருடைய தந்தையின் சான்று கிடைத்தது! 1945-இல் தந்த தாள். மடிப்பு ஒவ்வொன்றும் கிழிந்திருந்தது. நற்பெயரோடு விடுவிக்கப்பட்டார் என்ற எழுத்து மட்டும் மங்காமல் இருந்தது. மிசிசிப்பி மாநிலத்து மனிதர் அவர். அந்தத் தாளை ஏந்தி வங்கி வாயிலேறினாராம். தாளில் குறையொன்றும் இல்லை என்றார்களாம். கடன் மட்டும் இல்லை என்றார்களாம். இறக்கும்வரை வாடகை வீட்டிலேயே வாழ்ந்தாராம்.

ஒரு மனிதரின் கெட்ட காலம் என்று இதைத் தள்ளிவிட முடியுமா? 1947-இல் மிசிசிப்பியின் 13 நகரங்களில் எடுத்த கணக்கைக் கேளுங்கள், தோழர்களே! வீட்டுக்கும் தொழிலுக்கும் பண்ணைக்குமாக அரசு பிணை நின்ற கடன்கள் 3,229. கருப்பின வீரர்க்குக் கிடைத்தவை? இரண்டு! இருநூறு அல்ல, இருபதும் அல்ல, இரண்டே இரண்டு!

சட்டத்தில் நிறம் என்ற சொல்லே இல்லை. பிறகு எப்படி நிகழ்ந்தது? பிணை அரசிடம் இருந்தது; பேனா வங்கிக்காரனிடம் இருந்தது. கருப்பர் வாழும் பகுதி என்றால் கடன் ஆபத்து என்றான். வெள்ளையர் வாழும் பகுதி என்றால் பத்திரமே தடுத்தது. 1947-இல் நியூயார்க் அருகே எழுந்த லெவிட்டவுன் குடியிருப்பிலே, வெள்ளையரல்லாதார் குடியிருக்கலாகாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்தார்கள். இத்தகைய பத்திரங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது என்று 1948-இல் உச்சநீதிமன்றம் சொல்லிற்று. வீட்டு விற்பனையிலும் கடனிலும் நிறவேறுபாடு காட்டுவதே குற்றம் என்ற சட்டம் வர, 1968 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மகனுக்குக் கடன் கிடைத்தது அந்தச் சட்டத்துக்குப் பின்னர்தான். தந்தைக்கும் மகனுக்கும் தகுதியில் வேறுபாடில்லை, காலத்தில்தான் வேறுபாடு.

இன்னொரு கொடுமையும் உண்டு. சான்றே கையில் சேராதபடி செய்த கொடுமை! நற்பெயரும் இல்லை, கெட்டபெயரும் இல்லை என்று, நீலத்தாளில் ஒரு விடுவிப்பைத் தந்து 1947 வரை பலரை அனுப்பினார்கள். நீலத்தாள் பெற்றவனுக்குச் சலுகைகள் மறுக்கப்பட்டன. படையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்த கருப்பினத்தார், நீலத்தாள் பெற்றோரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாக இருந்தனர். வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. தாளின் நிறமே தண்டனை!

சான்று கேட்கும் அரசு, தன்னிடமுள்ள சான்றைக் காத்ததா? 1973 ஜூலை 12-ஆம் நாள், அந்தச் செயின்ட் லூயிஸ் காப்பகத்திலே தீப்பிடித்தது. ஒரு கோடியே அறுபது இலட்சம் முதல் ஒரு கோடியே எண்பது இலட்சம் வரை ஏடுகள் எரிந்தன. 1912 நவம்பர் முதல் 1960 தொடக்கம் வரை தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டோரின் ஏடுகளில் நூற்றுக்கு எண்பது போயின. படியெடுத்து வைத்திருக்கவில்லை. அதன்பின் சம்பளச் சீட்டுகளையும் பிற அலுவலகக் குறிப்புகளையும் ஒட்டுப்போட்டு, எரிந்துபோன வாழ்க்கைகளை மீட்டெழுதி வருகிறார்கள். அந்த உழைப்பைப் போற்றுகிறோம். ஆனால், வீட்டுக் கூரைக்கடியில் ஏழை வீரன் பொத்திக் காத்த ஒரு தாள் எஞ்சியிருக்க, அரசின் மாளிகையில் இருந்தது சாம்பலாயிற்றே! இனி எவர் எவரிடம் சான்று கேட்பது?

ஆகவே நாம் சொல்வது இது. தகுதியை மெய்ப்பிக்கும் சுமையைக் குடிமகன் தலையில் ஏற்றும் அரசு, ஏட்டைக் காக்கும் சுமையைத் தன் தலையில் ஏற்க வேண்டும். மெய்ப்பித்தவனுக்கு உரியது போய்ச் சேர்ந்ததா என்று ஆண்டுதோறும் எண்ணிப் பார்க்க வேண்டும். 3,229-இல் இரண்டு என்று எண்ணிச் சொன்னவர்கள் இருந்ததால்தான், சட்டத்தின் இனிய சொற்களுக்குப் பின்னிருந்த சூது வெளிப்பட்டது.

இளைஞர்களே! எங்கேனும் ஓர் உரிமை அறிவிக்கப்பட்டால் கைதட்டுங்கள்; தவறில்லை. கைதட்டி முடித்ததும் கணக்கைக் கேளுங்கள். எத்தனை பேர் தகுதி பெற்றனர், எத்தனை பேர் கையில் அது சேர்ந்தது என்று கேளுங்கள். அந்த இரண்டு எண்களுக்கும் இடையிலேதான் அநீதி ஒளிந்து வாழ்கிறது.