லூயி எபேரின் பேரப்பிள்ளைகள்

கடல் கடந்த மடல் – மொன்றியால்



குடும்பத்தோடு வந்து கியூபெக் மண்ணில் குடியேறிப் பயிர்செய்த முதல் பிரெஞ்சுக்காரர் என்று இங்குள்ள பள்ளிப் புத்தகங்கள் சொல்வது லூயி எபேரை. பாரிஸில் மருந்து விற்றவர். 1617இல் மனைவி மரி ரோலேயையும் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கப்பலேறினார். கியூபெக் நகரின் மேட்டில் காடு வெட்டித் துப்புரவாக்கி, ஏரும் மாடும் இல்லாமல் கைக்கருவிகளை வைத்தே கொத்தி விதைத்தார். 1627 சனவரியில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தவர் பிறகு எழும்பவில்லை. மறு ஆண்டு ஏப்ரலில் அவருடைய மருமகன் கியோம் குய்யார் மாடு பூட்டி உழுததுதான் அந்தக் குடியேற்றத்தின் முதல் ஏர் உழவு.

அந்த வீட்டின் வாரிசுகள் என்ன ஆனார்கள் என்று பாருங்கள். ஒரு மகள், ஆன், பிரசவத்தில் இறந்துபோனாள். மகன் 1639இலேயே காலமானார். அவருடைய மகன் ஜோசப் இளம் வயதில் இரொக்குவா வீரர்களிடம் சிறைப்பட்டுக் கொல்லப்பட்டான். எபேர் என்ற பெயர் அந்த வழியில் அதோடு அற்றுப்போயிற்று. இன்று கனடாவில் எபேர் என்ற பெயரோடு இருப்பவர்கள் வேறு எபேர்களின் பிள்ளைகள். லூயியின் வழி தழைத்தது கியமெத் என்ற இன்னொரு மகளாலும் பிரான்சுவாஸ் என்ற பேத்தியாலும். கியமெத் 1621இல் குய்யாரை மணந்து பத்துப் பிள்ளை பெற்றாள். ஆண்வழியை மட்டும் பிடித்துக்கொண்டு வம்சம் எழுதினால், கனடாவின் முதல் பண்ணைக் குடும்பம் பட்டுப்போன குடும்பம். பெண்வழியையும் எழுதினால், கியூபெக்கில் அந்த வீட்டுக்கு உறவில்லாத பழைய குடும்பத்தைத் தேடிப் பிடிப்பதே கஷ்டம்.

இதை எனக்கு உறைக்கச் சொன்னவர் எங்கள் கீழ்வீட்டில் குடியிருக்கும் மூதாட்டி. ஓய்வு பெற்ற தாதி. பரம்பரை தேடுவது இங்கே வயதானவர்களின் குளிர்காலத் தொழில். ஆனால் அவர் தேடுவது தகப்பன் வழியை அல்ல. தாய், தாயின் தாய், அவளுடைய தாய் என்று ஒரே நூலாகப் பின்னால் போகிறார். அப்படிப் போகமுடியும் என்பதே எனக்கு முதலில் நம்பமுடியாததாக இருந்தது. நம் ஊரில் பாட்டனின் பாட்டன் பெயர் தெரிந்த வீடுகள் உண்டு. பாட்டியின் பாட்டி பெயர் தெரிந்த வீட்டை நான் கண்டதில்லை.

சூட்சுமம் கத்தோலிக்கக் கோவில் விவாகப் பதிவேட்டில் இருக்கிறது. பிரெஞ்சு வழக்கப்படி குருவானவர் மாப்பிள்ளை, பெண் இருவரின் பெயரையும், இருவரின் தாய் தகப்பன் பெயர்களையும், ஊரையும் எழுதுவார். தாயின் பெயரை அவள் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் எழுதுவார். கல்யாணமாகி நாற்பது வருஷம் கழித்துச் செத்தாலும் அடக்கப் பதிவில் அவள் தன் தகப்பன் வீட்டுப் பெயரிலேயே இருப்பாள். ஆகவே ஒரு கல்யாணப் பதிவைக் கண்டால் அடுத்த தலைமுறைக் கல்யாணத்துக்கான திறப்பு அதிலேயே கிடைக்கும். அப்படியே கல்யாணத்திலிருந்து கல்யாணத்துக்குத் தாவிப் பத்துப் பன்னிரண்டு படியில் 1600களுக்குப் போய்ச் சேரலாம். கீழ்வீட்டு அம்மாவின் நூல் போய் முடிந்தது 'அரசரின் மகள்' ஒருத்தியிடம். 1663 முதல் 1673 வரை, பெண்கள் குறைந்த அந்தக் குடியேற்றத்துக்குப் பதினான்காம் லூயி தன் செலவில் அனுப்பிவைத்த ஏறத்தாழ 770 பெண்களை அப்படித்தான் சொல்வார்கள். பலர் அநாதைகள், ஏழை வீட்டுப் பிள்ளைகள். ஏன் அனுப்பினார்கள் என்பதை 1666இல் ஆளுகை அதிகாரி ஜான் தலோன் எடுத்த குடிமதிப்பே காட்டும்: 3,215 பேரில் 2,034 பேர் ஆண்கள்.

அந்தப் பதிவேடுகள் தப்பிப் பிழைத்த கதையும் சொல்லவேண்டும். 1640 யூனில் கியூபெக் நகரத்துக் கோவில் தீப்பிடித்தபோது அதுவரையான பதிவுகள் சாம்பலாயின. குருமார் ஒவ்வொருவரிடமும் கேட்டு, தங்கள் நினைவிலிருந்தும் சேர்த்து, ஞானஸ்நானங்களையும் கல்யாணங்களையும் அடக்கங்களையும் திரும்ப எழுதிவைத்தார்கள். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒவ்வொரு பதிவேட்டுக்கும் இரண்டாம் பிரதி எழுதி அரச நீதிமன்றத்தில் ஒப்படைக்கும் முறையும் வந்தது. ஒன்று எரிந்தால் மற்றது இருக்கும்.

பதிவேட்டைப் புரட்டினால் பயிர்ச்செய்கையின் மாதக் கணக்கே அதில் தெரியும். கல்யாணங்கள் நவம்பரில் குவியும், அறுவடை முடிந்து கையில் நேரமிருக்கும் காலம் அது. டிசம்பரில் திருவருகைக் காலம், கோவில் கல்யாணம் முடிக்காது. சனவரி, பெப்ரவரியில் மறுபடி குவிந்து தவக்காலத்தோடு நின்றுவிடும். மணமக்கள் நெருங்கிய உறவென்றால் ஆயரின் அனுமதி பெற்றதையும், எத்தனையாம் தலைமுறை உறவு என்பதையும் குருவானவர் எழுதியிருப்பார். மச்சான் மச்சாளைக் கட்டிவைத்துப் பழகிய நமக்கு அந்தக் கண்டிப்பு விசித்திரமாகத் தோன்றும். வம்சம் தேடுபவருக்கு அந்த ஒரு வரி நாலு தலைமுறையை இலவசமாகக் கொடுக்கும்.

பதிவேடு யார் யாருக்குப் பிறந்தார் என்று சொல்லும். எப்படி வாழ்ந்தார் என்பதை அறிய நொத்தாரிசுமாரின் கட்டுகளைப் பிரிக்கவேண்டும். எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். பாரிஸ் வழக்காற்றுச் சட்டப்படி சாதாரணக் குடியானவரின் சொத்து ஆணும் பெண்ணுமாக எல்லாப் பிள்ளைகளுக்கும் சமபங்கு. ஆனால் காணிகளின் அமைப்பைப் பாருங்கள்: சென் லோறன்ஸ் ஆற்றில் முகம் வைத்து, அகலம் குறைந்து, உள்ளே காட்டுக்குள் நீளமாக ஓடும் கீலங்கள். ஆற்றங்கரையில் இருநூறு மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு, உள்நோக்கி இரண்டு கிலோமீற்றருக்கு மேல். விமானத்திலிருந்து பார்த்தால் இன்றைக்கும் அந்தக் கோடுகள் தெரிகின்றன. இந்தக் கீலத்தை எட்டாகக் கிழித்தால் ஒருவருக்கும் சோறு வராது. அதனால் ஒரு பிள்ளை மற்றவர்களின் பங்கை வாங்கிக் காணியை முழுசாக வைத்துக்கொள்ளும், மற்றப் பிள்ளைகள் பின்வரிசைக் காட்டை வெட்டப் போவார்கள். குடும்பங்கள் ஆற்றோரமாக ஊர் ஊராகப் பரவியது இப்படித்தான்.

அந்த ஒரு பிள்ளைக்குத் தாய் தகப்பன் எழுதிக்கொடுத்த நன்கொடை உறுதிகளைப் படிக்கவேண்டும். காணி, வீடு, மாடு எல்லாவற்றையும் மகனுக்குக் கொடுத்துவிட்டுக் கிழவனும் கிழவியும் பதிலுக்குக் கேட்பவை வரிசையாக இருக்கும்: வருஷத்துக்கு இத்தனை அளவு கோதுமை, ஒரு கொழுத்த பன்றி, பிளந்து வாசல்வரை கொண்டுவந்து அடுக்கிய விறகு, ஒரு பசுவின் பால், புகையிலை, ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குக் கொண்டுபோக வண்டி, வருத்தமென்றால் வைத்தியர், செத்தபின் இத்தனை பூசை. பெற்ற பிள்ளையிடம் இதையெல்லாம் நொத்தாரிசு முன்னிலையில் எழுதி வாங்கினார்களா என்று முகம் சுளிக்கத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பனிக்காலம் ஐந்து மாதம் நீளும் ஊரில் உழைக்க ஏலாத கிழவிக்கு விறகு என்பது உயிர். அதை மகனின் நல்ல மனசிலும் மருமகளின் முகக்குறிப்பிலும் தொங்கவிடாமல் எழுதிவைத்தவர்கள் விவரமான மனிதர்கள்.

கல்யாண ஒப்பந்தங்களிலும் இதே விவரம் உண்டு. கிடைத்திருப்பவற்றுள் மிகப் பழையதாகச் சொல்லப்படுவது 1636 யூலையில், பெர்ஷ் பகுதியிலிருந்து வந்த ரொபேர் துருவேனுக்கும் ஆன் குளூத்தியேக்கும் எழுதியது. பெண்ணுக்கு அப்போது பத்து வயது. கோவிலில் கல்யாணம் மறு ஆண்டு நடந்தது. பெண்ணின் தகப்பன் ஸக்கரி குளூத்தியே தச்சர், எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்துக்குப் பதிலாக அவர் போட்டுவந்த அடையாளம் ஒரு கோடரி. அந்தக் கோடரியைப் பிரதியில் பார்த்தபோது நான் சற்று நேரம் அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை. தன் பெயரை எழுதத் தெரியாத அந்த மனிதருக்கு 1800க்கு முன் திருமணமான சந்ததியார் மட்டும் 10,850 பேர் என்று மொன்றியால் பல்கலைக்கழகத்தார் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படி எண்ண முடிந்ததற்குப் பின்னால் நூறு வருஷ உழைப்பு இருக்கிறது. சிப்ரியன் தாங்கே என்ற குருவானவர் பங்கு பங்காகப் போய்ப் பதிவேடுகளைப் பார்த்து எழுதிய வம்ச அகராதி 1871 முதல் 1890 வரை ஏழு தொகுதிகளாக வந்தது. 1966இல் மொன்றியால் பல்கலைக்கழகத்தின் மக்கள்தொகை ஆய்வாளர்கள் அவர் விட்டதைச் சேர்த்து, பிழைகளைத் திருத்தி, பிரெஞ்சு ஆட்சிக்காலக் குடும்பங்கள் அத்தனையையும் கணினியில் மீளக்கட்டத் தொடங்கினார்கள். வைத்தியர்களுக்கும் இது உதவுகிறது. சகெனே பகுதியில் ஏறத்தாழ இருபது பேருக்கு ஒருவர் டைரோசினீமியா என்ற ஈரல் நோயின் மரபணுவைச் சுமக்கிறார். சில பழைய குடும்பங்கள் பல்கிப் பெருகியதன் விளைவு அது என்பதை வம்சப் பதிவுகளைக் கொண்டே விளக்கினார்கள்.

தேடுபவரை அலைக்கழிப்பது பட்டப்பெயர்கள். படையில் வந்த சிப்பாய்களுக்கு ஆளுக்கொரு பட்டப்பெயர் இருந்தது. சேவை முடிந்து காணி வாங்கிக் குடியேறியபோது அது குடும்பப் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஊடோன் என்ற குடும்பத்துக்கு பொலியூ என்றொரு பெயரும் உண்டு. ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் ஒரு பெயரிலும் தம்பி மற்றதிலும் பதிவாகியிருந்தால், பேரப்பிள்ளைகள் ஒருவரையொருவர் அந்நியர் என்றே நினைத்திருப்பார்கள்.

பெண்கள் பிறந்த பெயரை விடாத அந்தப் பழைய வழக்கம் இப்போது எங்கள் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. 1981 முதல் கியூபெக் சட்டப்படி மனைவி தன் சொந்தப் பெயரையே வைத்திருக்கவேண்டும். ரொறன்ரோவில் கல்யாணம் முடித்த தமிழ்ப் பெண் கணவன் பெயருக்கு மாறலாம். மொன்றியாலில் முடித்தவள் மாறமுடியாது. இதை அரசாங்கத்தின் கெடுபிடி என்று குறைப்படும் தமிழ்த் தாய்மாரை எனக்குத் தெரியும். முந்நூறு வருஷம் கழித்து ஒரு கொள்ளுப்பேத்தி தங்களைத் தேடிக் கண்டுபிடிக்கப்போகும் வழி அதுதான் என்று நான் அவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இனிச் சொல்லப்போவதைக் குடும்பச் சங்கங்கள் அச்சிடும் வம்ச மலர்களில் அதிகம் காணமுடியாது. எபேர்–குய்யார் வீட்டில் பிள்ளைகளைத் தவிர இன்னொரு சிறுவனும் வளர்ந்தான். ஆங்கிலேயர் கியூபெக்கைப் பிடித்த 1629இல் கொண்டுவரப்பட்டு விற்கப்பட்ட ஆபிரிக்கச் சிறுவன் அவன். கைமாறிக் குய்யாரிடம் வந்து சேர்ந்தான். 1633இல் ஞானஸ்நானம் கொடுத்து ஒலிவியே லு ஜன் என்று பெயர் வைத்தார்கள். 1654இல் இறந்தான். கனடாவின் முதல் ஏர் ஓடிய வீட்டிலேயே, கனடாவில் பெயர் தெரிந்த முதல் ஆபிரிக்க அடிமையும் வேலை செய்தான். அவனுக்குத் தாய் தகப்பன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. வரலாற்றாசிரியர் மார்செல் துருடெல் இதே கோவில் பதிவேடுகளையும் நொத்தாரிசுக் கட்டுகளையும் சலித்து, பிரெஞ்சுக் கனடாவில் ஏறத்தாழ 4,200 அடிமைகள் இருந்ததை 1960 முதல் எழுதிக்காட்டினார். மூன்றில் இரண்டு பங்கினர் பூர்வகுடிகள். ஒரு பக்கத்தில் குடியானவர் வீட்டுக் குழந்தைக்கு இரண்டு தலைமுறைப் பெயர். அதன் கீழேயே பத்து வயதுப் பூர்வகுடிப் பிள்ளைக்குச் சொந்தக்காரர் பெயர் மட்டும்.

'முதல் விவசாயி' என்ற பட்டத்தையும் நான் ஒப்பமாட்டேன். 1535இல் ஜாக் கார்த்தியே இன்றைய மொன்றியால் தீவில் ஏறியபோது ஒஷலாகா ஊரைச் சுற்றி விளைந்த சோள வயல்களைக் கண்டு எழுதிவைத்தார். பழைய குடும்பங்கள் பல தங்கள் மூலத்தைத் தேடிப் போகும் ஓர்லேயான் தீவில், 1651 முதல் 1656 வரை போருக்குத் தப்பி வந்த வென்டாட் மக்கள் குடியிருந்து சோளம் பயிரிட்டார்கள். அவர்களும் பண்ணைக் குடும்பங்கள்தான்.

இன்னொரு சங்கதி என்னைக் கோபப்படுத்துகிறது. 1644இல் மார்த்தேன் ப்ரேவோ என்ற குடியேறி மரி ஒலிவியே சில்வெஸ்தர் மனிதுவாபேவிச் என்ற பூர்வகுடிப் பெண்ணைக் கோவிலில் மணந்தார். அவர்களுக்கு இன்று சந்ததியார் ஏராளம். பத்துப் பன்னிரண்டு தலைமுறைக்கு முந்திய அப்படியொரு பாட்டியைக் காட்டி, தாங்களும் பூர்வகுடி, தங்களுக்கும் உரிமை வேண்டும் என்று கிளம்பியவர்கள் பலர். சமூகவியலாளர் டரில் லரூ 2019இல் வெளிவந்த நூலில் இந்தக் கோரிக்கைகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, சிலர் அசல் பிரெஞ்சுப் பெண்களையே பூர்வகுடியாக்கியிருப்பதையும் வெளிக்கொணர்ந்தார். வாழும் மக்களின் உரிமையை, செத்துப்போன ஒரு பாட்டியின் பெயரால் பங்குபோடுவதற்கா அந்தக் குருமார் எரிந்த ஏட்டைத் திரும்ப எழுதினார்கள்?

கீழ்வீட்டு அம்மாவின் மரத்திலும் ப்ரேவோ தம்பதி இருக்கிறார்கள். தங்கை மகன் அதை வைத்து ஏதோ அட்டைக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்டபோது, வென்டாட் மக்களின் வென்டாக்கே ஊருக்குப் போய் அங்குள்ளவர்களின் முகத்தைப் பார்த்துக் கேள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். வருகிற கோடையில் அவருடைய குடும்பச் சங்கம் கூடுகிறது. வம்ச மலருக்குப் புதுப் பதிப்பு போடுகிறார்களாம். மூதாதையர் பதிவாகியிருக்கும் அதே பக்கங்களில் பெயர் கண்ட அடிமைப் பிள்ளைகளையும், மூதாதையர் காணிக்கு முன்பு யார் காணியாக இருந்தது என்பதையும் அதில் சேர்க்கவேண்டும் என்று பிரேரணை கொண்டுவரப் போகிறார். எதிர்ப்பு வரும் என்று அவருக்குத் தெரியும். பிரதிகளை ஒழுங்குபடுத்திக் கொடுக்கும் வேலை என்னுடையது.

அன்புடன்,
மொன்றியாலிலிருந்து