பசியைக் குறித்து ஒரு வார்த்தை



லெந்து நாட்கள் நெருங்குகின்றன. ஒவ்வோர் ஆண்டும் இந்த வாரங்களில் உபவாசத்தைக் குறித்து நீங்கள் என்னிடம் கேட்பதுண்டு. இவ்வாண்டு கேள்வி வேறு விதமாக வந்தது. ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்தபின் நம் சபையின் சகோதரி ஒருவர் தயங்கித் தயங்கி வந்து, உடல் எடையைக் குறைக்க வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் ஊசியை மருத்துவர் பரிந்துரைத்திருப்பதாகச் சொன்னார். அதைப் போட்டுக்கொள்வது விசுவாசக் குறைவாகுமா என்பது அவருடைய கேள்வி. அதைவிட என்னை வருத்தியது அவர் அடுத்துச் சொன்னது: "ஐயா, சபை விருந்தில் நான் தட்டை எடுத்தாலே நாலு பேர் பார்க்கிறார்கள்." கடந்த மூன்று அசன விருந்துகளிலும் அவர் சாப்பிடாமலே வீட்டுக்குப் போயிருக்கிறார். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

பருமனான ஒருவரைக் கண்டதும் நம் மனம் ஒரு தீர்ப்பை எழுதிவிடுகிறது. வாயைக் கட்டத் தெரியாதவர், இச்சையடக்கம் இல்லாதவர் என்று எண்ணிவிடுகிறோம். இச்சையடக்கம் ஆவியின் கனிகளில் ஒன்று என்பதால் இந்தத் தீர்ப்புக்கு நம் நடுவில் ஒரு வேதாகமப் பூச்சும் கிடைத்துவிடுகிறது. ஆனால் நம் ஆண்டவரையே அக்காலத்தவர் போஜனப்பிரியன் என்று இகழ்ந்தார்கள் என மத்தேயு 11-ஆம் அதிகாரம் சொல்லுகிறது. பிறருடைய தட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னவர்கள் அந்த அதிகாரத்தில் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

பசி எங்கிருந்து வருகிறது? வயிறு காலியானதும் வரும் என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். 1994-ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து உருவாகும் ஹார்மோனுக்கு, மெலிவு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து லெப்டின் என்று பெயரிட்டார்கள். அதைச் சுரப்பது நம் சரீரத்தின் கொழுப்புத் திசு. வேண்டாத பாரம் என்று நாம் வெறுக்கும் கொழுப்பு, மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸுக்கு இரவும் பகலும் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறது: சேமிப்பு இவ்வளவு இருக்கிறது, கவலை வேண்டாம் என்று.

அந்தச் செய்தி போகாவிட்டால் என்ன ஆகும் என்பதை இரண்டு பிள்ளைகளின் கதை காட்டுகிறது. பாகிஸ்தானிலிருந்து இங்கிலாந்தில் குடியேறிய ஒரு குடும்பத்தில், நெருங்கிய உறவுக்காரப் பிள்ளைகள் இருவர் பிறந்ததிலிருந்தே தீராத பசியோடு வளர்ந்தார்கள். எட்டு வயதுச் சிறுமிக்கு 86 கிலோ எடை, இரண்டு வயதுச் சிறுவனுக்கு 29 கிலோ. அவர்களுடைய இரத்தத்தில் லெப்டின் ஏறக்குறைய இல்லவே இல்லை என்று கேம்பிரிட்ஜ் நகரின் ஆராய்ச்சியாளர்கள் 1997-இல் கண்டறிந்தார்கள். அதன்பின் ஸ்டீஃபன் ஓராஹில்லியும் சதஃப் ஃபரூக்கியும் அந்தச் சிறுமிக்குத் தினந்தோறும் லெப்டின் ஊசி கொடுத்தார்கள். ஓர் ஆண்டில் 16 கிலோ குறைந்தது. யாரும் அவளுக்கு இச்சையடக்கத்தைப் போதிக்கவில்லை. அவளுடைய மூளைக்கு வரவேண்டிய ஒரு செய்தி வந்து சேர்ந்தது, பசி அடங்கியது. அதற்குமுன் அந்தத் தாய் எத்தனை பேரின் பேச்சைக் கேட்டிருப்பாள் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

இப்படிப்பட்ட குறைபாடு மிகவும் அபூர்வமானது. நம்மில் பருமனாயிருப்பவர்களுக்கு லெப்டின் குறைவில்லை, மிகுதியாகவே இருக்கிறது. மூளைதான் அந்தக் குரலுக்குச் செவிசாய்ப்பதைக் குறைத்துக்கொண்டது. இதிலே இன்னொரு சங்கடமும் உண்டு. பட்டினி கிடந்து எடையைக் குறைக்கும்போது லெப்டினும் விரைந்து இறங்குகிறது. பஞ்சம் வந்துவிட்டது என்று மூளை எண்ணிக்கொள்கிறது. வயிற்றிலிருந்து கிரெலின் என்ற பசி ஹார்மோன் கூடுகிறது. சரீரம் சக்தியைச் செலவழிப்பதையும் குறைத்துக்கொள்கிறது. 2011-இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகர மருத்துவர்கள் பருமனான 50 பேரைச் சேர்த்து, பத்து வாரங்கள் மிகக் குறைந்த உணவு கொடுத்தார்கள். சராசரியாக 13 கிலோவுக்கு மேல் குறைந்தது. ஓர் ஆண்டு கழித்துச் சோதித்தபோதும் அவர்களுடைய கிரெலின் உயர்ந்தும் லெப்டின் தாழ்ந்துமே இருந்தன. பசியும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. இளைத்த பிறகு மறுபடியும் பருத்தவரைப் பார்த்துச் சிரிக்கிறோமே, அவர் ஓராண்டாக ஒவ்வொரு நாளும் எதோடு போராடினார் என்பதை நாம் அறியோம்.

ஒல்லியாக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வெளியானது. ஒருவர் இங்கிலாந்தின் ஜான் யுட்கின், மற்றவர் புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் யுட்கினின் சரீரத்தில் கொழுப்பு 9.1 சதவீதம், நம் நாட்டவருக்கு 21.2 சதவீதம். கையும் காலும் மெலிந்திருக்க, கொழுப்பு வயிற்றுக்குள்ளே தங்கும் வாகு நமக்கு உண்டு. அந்தக் கொழுப்பு இன்சுலினின் வேலையைத் தடுக்கிறது. அதனால்தான் இந்தியருக்குப் பி.எம்.ஐ. 23 ஆனதுமே அதிக எடை என்கிறார்கள். ஆணின் இடுப்புச் சுற்று 90 செ.மீ., பெண்ணுடையது 80 செ.மீ. தாண்டக்கூடாது என்கிறார்கள். இது தாயின் கருவிலேயே தொடங்குகிறது என்பது யாஜ்னிக்கின் ஆய்வு. புனே அருகே கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளுடையது 3.5 கிலோ, ஆனால் நம் குழந்தைகளிடம் குறைந்திருந்தது பெரும்பாலும் தசைதான், தோலுக்கடியிலுள்ள கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. தாய்மார்கள் பல தலைமுறைகளாக அரைவயிறு உண்டதன் கணக்கு பேரப்பிள்ளைகளின் இரத்தத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

நம் நகரத்துக்கு இது புதிய செய்தி அல்ல. 1954-இலேயே பேராசிரியர் எம். விஸ்வநாதன் இராயபுரத்தில் தொடங்கிய பொது மருத்துவமனை பின்னர் நீரிழிவுக்கென்றே தனி மருத்துவமனையானது. அவருடைய மகன் மருத்துவர் வி. மோகன் 1991-இல் தொடங்கிய மையம் கோபாலபுரத்தில் இருக்கிறது, மயிலாப்பூரிலிருந்து கூப்பிடு தூரம். நம் சபையில் பாதிப்பேருக்கு அந்த வாசல் தெரிந்திருக்கும்! 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. ஞாயிறு ஆராதனையில் உங்கள் வரிசையில் ஏழு பேர் அமர்ந்தால் அதில் ஒருவர்.

அப்படியானால் நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லையா? உண்டு. இதற்கும் சென்னையே சாட்சி. மருத்துவர் ஏ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும், நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேரை ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகள் கண்காணித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு மூன்றாண்டுக்குள் நீரிழிவு வந்தது. உணவை ஒழுங்குசெய்து, தினமும் அரைமணி நேரமாவது விரைந்து நடந்தவர்களிடம் அது 39 சதவீதம். என் மனதில் நின்றது இன்னொரு விவரம்: அப்படி நடந்தவர்களின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. எடைக்கருவி ஒன்றும் சொல்லாதபோதும் உள்ளே நன்மை நடந்திருக்கிறது. நாகேஸ்வர ராவ் பூங்காவிலும் பெசன்ட் நகர்க் கடற்கரையிலும் மாதக்கணக்காக நடந்தும் எடை இறங்கவில்லையே என்று சோர்ந்து வீட்டில் அமர்ந்துவிட்டவர்கள் நம்மில் உண்டு. தயவுசெய்து நாளைக் காலை மீண்டும் காலணியை எடுங்கள்.

ஊசியைக் குறித்த கேள்விக்கு வருகிறேன். நாம் உண்டதும் குடலிலிருந்து ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோன் சுரந்து, போதும் என்று மூளைக்குச் சொல்லுகிறது, இன்சுலினையும் எழுப்புகிறது. ஆனால் சில நிமிடங்களிலேயே அது சிதைந்துவிடும். அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் உமிழ்நீரில், அதைப் போன்றே வேலைசெய்து நீடித்து நிற்கும் ஒரு பொருளை ஜான் எங் என்ற மருத்துவர் கண்டெடுத்தார். அதிலிருந்து பிறந்த மருந்துக்கு 2005-இல் அங்கே அனுமதி கிடைத்தது. இன்றைய ஊசிகள் அந்த வழியில் வந்தவை. 2025-இல் மௌஞ்சாரோ, வெகோவி என்ற பெயர்களில் நம் நாட்டுக்கும் வந்தன. பல்லியின் எச்சிலிலும் நமக்கு ஒரு மருந்தை வைத்த தேவனுடைய ஞானத்தை நான் வியக்கிறேன். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்குகிறோம், இன்சுலின் போட்டுக்கொள்கிறோம்; அவற்றை ஒருவரும் விசுவாசக் குறைவு என்று சொல்வதில்லை. இதையும் அப்படியே எண்ணுங்கள். யாருக்குத் தேவை, யாருக்கு ஆகாது என்பதை மருத்துவர் சொல்லட்டும். குமட்டல் போன்ற தொல்லைகள் உண்டு; செலவும் சிறிதல்ல; நிறுத்திவிட்டால் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டில் திரும்பியதாக ஓர் ஆய்வு காட்டியது. கல்யாணத்துக்கு முன் நாலு கிலோ குறைக்க வேண்டுமென்று தேடுகிறவர்களுக்கான பொருள் அல்ல அது.

பெருந்தீனி பாவம் இல்லையா என்று சிலர் கேட்பீர்கள். பாவம்தான். ஆனால் வேதம் அதை எங்கே கண்டிக்கிறது என்று கவனியுங்கள். கொரிந்து சபையில் சிலர் முந்திக்கொண்டு உண்டார்கள், ஏழைகள் பசியாய் இருந்தார்கள். பவுல் கடிந்துகொண்டது அதைத்தான். சோதோமின் அக்கிரமங்களை எசேக்கியேல் எண்ணும்போது, அப்பத்தின் திரட்சியோடு, எளியவனுக்குக் கைகொடாமையையும் சேர்த்தே எண்ணுகிறார். ஒல்லியான சரீரத்தோடும் இந்தப் பாவத்தைச் செய்யலாம். நம் விருந்துகளில் அவரவர் இலையைக் கவனிப்பதைவிட, வாசலில் நிற்கும் காவலாளிக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் பந்தி போட்டாயிற்றா என்று கவனிப்பது நலம்.

உபவாசத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எல்லாருடைய சரீர பெலனும் ஒன்றல்ல, ஆகையால் உபவாசத்துக்கு ஒரே விதி வைக்க முடியாது என்று ஐந்தாம் நூற்றாண்டிலேயே யோவான் காசியன் துறவிகளுக்கு எழுதினார். வனாந்தரத்தில் சாவை வேண்டிப் படுத்த எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும். இரண்டாம் முறையும் அதையே கொடுத்தான். இன்சுலின் போடுகிறவர்களும், கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை உண்கிறவர்களும் உணவைத் தவிர்த்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம், பின் மயக்கம். அதை ஆவியின் அசைவென்று எண்ணிக்கொண்டு யாரும் காத்திருக்க வேண்டாம். உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுங்கள். மயங்கிவிட்டவரின் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தவோ அளவைக் குறைக்கவோ வேண்டாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் உணவை விட்டு உபவாசிக்கத் தேவையில்லை. தொலைக்காட்சியை விடலாம், கைப்பேசியை விடலாம்.

சாம்பல் புதனை அடுத்து வரும் வெள்ளிக்கிழமைகளில் உபவாச ஜெபம் வழக்கம்போல் காலை பத்து மணிக்கு. ஆலயத்தின் பின்னறையில் பதினொரு மணியிலிருந்து கஞ்சியும் துவையலும் வைத்திருப்போம், குளுக்கோஸும் இருக்கும். தேவைப்படுகிறவர்கள் எழுந்துபோய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து ஜெபத்தில் அமரலாம். ஒருவரும் ஏனென்று கேட்கமாட்டோம்.

உங்கள் ஆயர்