ஊர் வளவு விற்கும் உறவுகளுக்கு



1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட நம்மவர் பலர் புத்தளத்தில் இருந்தபடியே ஊர் வீடு வளவை விற்கப் பார்க்கிறார்கள். நயினாதீவு என்றால் பஸ்சுக்குப் பிறகு குறிகட்டுவானில் படகும் ஏற வேண்டும். வயதானவர்கள் எத்தனை தரம் வருவது? தரகர் தேவைதான்.

என் மாமியின் வளவுக்கு வந்த தரகர் விலை பேச முன் உறுதியைத்தான் கேட்டார். அது அந்த ஓட்டத்திலேயே தொலைந்துவிட்டது. உறுதி இலக்கம் தெரிந்ததால் யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் பிரதி எடுத்தோம். சோலைவரிப் பாக்கியை வேலணை பிரதேச சபையில் கட்டினோம். தரகுக் காசு எவ்வளவு, யார் கொடுப்பது என்று முதலிலேயே எழுதிக்கொண்டோம். அதன்பிறகுதான் மாமிக்கு நித்திரை வந்தது.

தரகரால் செய்ய முடியாதது ஒன்று உண்டு. வாப்பாவின் பெயரிலுள்ள வளவில் ராத்தா, தங்கச்சிமாரின் பங்கும் இருக்கிறது. மார்க்கமும் அதுதான், 1931ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டமும் அதுதான். வாங்குபவர் வருமுன் பிள்ளைகள் எல்லோரும் கூடிப் பேசுங்கள். அவசரத்தில் யாருக்கும் முழு அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுக்காதீர்கள். காசும் கையெழுத்தும் நொத்தாரிசு முன்னாலேயே நடக்கட்டும்.

வளவு கைமாறினாலும் கூடப்பிறந்தவர்கள் பிரியாமல் இருக்க அல்லாஹ் உதவி செய்வானாக.