சிதறால் அடிவாரத்தில் ஒரு மதியச் சாப்பாடு

மார்த்தாண்டம் பக்கத்துச் சிதறால் மலைக்குப் போகிறவர்கள் சமணச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு அப்படியே இறங்கிவிடுகிறார்கள். ஆய் மன்னன் விக்கிரமாதித்ய வரகுணன் காலத்துக் கல்வெட்டு இருக்கும் குன்று அது, பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பாறை விளிம்பில் நின்று கொஞ்சம் கீழேயும் பாருங்கள். ரப்பர், தென்னை, வாழை. அவற்றுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாய்ப் பனை. விளவங்கோடு, கல்குளம் விளைகளில் ஒரு காலத்தில் பனைதான் சோறு போட்டது. மாசி மாதத்தில் நான் தேடிப் போனது அந்த மிச்சப் பனைகளையும் அவற்றில் ஏறுகிறவர்களையும்.

விடியும் முன்பே, நான் தேடிப் போன பனையேறி அண்ணன் மரத்தடிக்கு வந்துவிட்டார். வயது அறுபதை நெருங்குகிறது. பாதங்களைச் சேர்த்துப் பிடிக்கும் திளாப்பு, மரத்தில் சாய்த்து முதல் சில அடிகளைத் தாண்ட முருக்குத்தடி, இடுப்பில் அரிவாள் பெட்டி. ஏறுவதைவிட மேலே செய்யும் வேலைதான் நுட்பம். பாளையைக் கடிப்பால் இடுக்கி, இதமாக நசுக்கி, பல நாள் பக்குவப்படுத்திய பிறகே நுனியைச் சீவ வேண்டும். அலகுப் பனை என்னும் ஆண் மரத்துக்கு ஒரு கடிப்பு, பருவப் பனை என்னும் பெண் மரத்துக்கு வேறு. ஆழமாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். சீவாமல் விட்டால் வாய் அடைத்துக்கொள்ளும். அதனால் காலையும் மாலையும் ஏறியே ஆக வேண்டும். காய்ச்சல், கல்யாணம், ஞாயிற்றுக்கிழமை எதுவும் மரத்துக்குத் தெரியாது.

கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் அதில் இறங்குவது அக்கானி, மற்ற ஊர்க்காரர்கள் சொல்லும் பதநீர். தடவாவிட்டால் அதே ஊறல் தானாகப் புளித்துக் கள்ளாகிவிடும். ஓலையைப் பட்டையாக மடித்து அண்ணன் ஊற்றித் தந்தார். குளிர்ச்சி, இனிப்பு, அடியில் சுண்ணாம்பின் மெல்லிய காரம்.

“வெயில் ஏறுகதுக்கு முன்ன குடிச்சிரணும் மக்கா” என்றார்.

அதன் பிறகு வேலை அவர் வீட்டு அக்காவின் கைக்கு மாறுகிறது. இந்தத் தொழிலைப் பற்றி எழுதுகிறவர்கள் மரத்தையே அண்ணாந்து பார்க்கிறார்கள், அடுப்படியைப் பார்ப்பதில்லை என்பது என் வருத்தம். ஓலைக் குடிலுக்குள் புகையில் நின்று பல மணி நேரம் கிண்டுவது அவர்தான். நுரை பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்கு விதையை நசுக்கிப் போடுகிறார். பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்க்கிறார், பதம் தவறினால் அன்றைய உழைப்பு முழுவதும் போச்சு. பத்து லிட்டர் அக்கானிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கருப்பட்டி. சிரட்டைகளில் ஊற்றி ஆறவைத்தபோது உச்சி வெயில்.

பிறகு சாப்பாடு. மயக்கிய மரச்சீனிக் கிழங்கு, தேங்காய் அரைத்த சாளைக் கறி, கஞ்சி, காந்தாரி மிளகாய். கடைசியில் சிரட்டையிலிருந்து உடைத்த இளஞ்சூட்டுக் கருப்பட்டி. மாலை ஏற்றம்வரை அவசரமில்லை. ஹெப்சிபா ஜேசுதாசன் 1964-இல் வெளியிட்ட ‘புத்தம் வீடு’ நாவலில் பனையேறியைக் காதலிக்கும் லிஸி படும் பாட்டைச் சொன்னேன். அக்கா சிரித்தார். “இப்பமும் பனையேறிக்குப் பொண்ணு குடுக்க யோசிப்பாங்க” என்றார்.

சாப்பிட்டு உட்கார்ந்திருந்தபோது இத்தாலி நினைவுக்கு வந்தது. அங்கே திராட்சைக் குன்றுகளுக்கு உலகமே போகிறது. பியட்மான்ட் பகுதியின் திராட்சைத் தோட்டங்களை யுனெஸ்கோ 2014-இல் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதற்கு வெகு முன்பே, 1985-இல், விவசாயி தன் வீட்டிலேயே விருந்தினரைத் தங்கவைத்து, தன் விளைச்சலைப் பரிமாற அந்நாடு தனிச்சட்டம் போட்டது. அங்கே பிழிகிறவனும் பரிமாறுகிறவனும் ஒருவனே, காசும் அவன் கைக்கே போகிறது. இங்கே பனையை 1978-இல் மாநில மரமாக்கினோம். 2021-இல் ஆட்சியர் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்றோம். மரத்தைக் காத்தால் போதுமா? ஏற ஆள் வேண்டாமா? 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்குவது குற்றம். களியக்காவிளை தாண்டினால் கேரளத்தில் அதே கள் உரிமம் பெற்ற கடையில் விற்கிறது. கள் வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கு முடியும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. அக்கானிக்குத் தடை இல்லை, கருப்பட்டிக்கும் இல்லை. பனையேறியின் முற்றத்தில் இலை போட்டுச் சாப்பாடு போட ஓர் எளிய அனுமதியும், வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டிப் பலகையும் இருந்தால் இந்த வீடுகளில் இன்னொரு வருமானம் வரும்.

அண்ணனின் மகன் வளைகுடாவில் இருக்கிறான். “ஏறுகதுக்கு ஆளில்ல மக்கா, மரம் இருக்கு” என்றார்.

அடுத்த முறை சிதறாலுக்குப் போகிறவர்கள் மாசிக்கும் சித்திரைக்கும் இடையில் போங்கள். விடிகாலையில் போனால் அக்கானி கிடைக்கும், உச்சிக்குப் போனால் சூடான கருப்பட்டி. கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.