பச்சைமலைக்குச் சைக்கிளில் போகிறவர்களுக்கு

ஸ்ரீரங்கத்தில் காலையில் என்னோடு சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள், "சார், பச்சைமலை போகலாமா?" என்கிறார்கள். எனக்கு 66 வயது. "இந்த வயதில் மலையா?" என்று வீட்டில் தினமும் சண்டை. இருந்தாலும் போகிறேன்.

மண்ணச்சநல்லூர், துறையூர் வழி பெரும்பாலும் சமதளம். சோபனபுரம் தாண்டினால் மலை. மேலே டாப் செங்காட்டுப்பட்டி. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் அப்புறம்.

ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளுவேன், அதில் வெட்கமில்லை. ஆபத்து இறக்கத்தில்தான். பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் ரிம் சூடாகி டியூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். பிரேக்கை விட்டு விட்டுப் பிடியுங்கள். எதிரே பஸ் வரும்.

மேலே மரவள்ளி பயிரிடும் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கிறார்கள். நாம் அவர்கள் ஊருக்கு விருந்தாளிகள். காலி பாட்டிலைக் காட்டில் போடாமல் கீழே கொண்டு வாருங்கள்.