பஞ்சாய் அமிழும் பிரேக்

பிரேக் பெடலை மிதிக்கும்போது அது உறுதியாக நிற்கிறதா, பஞ்சைப் போல் அமிழ்கிறதா என்று கவனித்ததுண்டா? நம்மை நம்பிப் பின்னிருக்கையில் உறங்கும் பிள்ளைகளின் உயிர் அந்த மிதியில்தான் இருக்கிறது.

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. குடும்பத்தோடு அங்கே புறப்படவிருந்த நாளுக்கு முந்தைய மாலை, எங்கள் மாருதி 800 வண்டியின் பெடல் மெத்தென்று இறங்கியது. பயணத்தை ஒத்திவைத்தேன்.

இதனை நின்ற இடத்திலேயே சோதிக்கலாம். விரைந்து இரண்டு மூன்று முறை மிதித்ததும் பெடல் இறுகினால், பெரும்பாலும் குழாயில் காற்று புகுந்திருக்கும். அழுத்திப் பிடித்திருக்கையில் மெல்லத் தாழ்ந்துகொண்டே போனால், எங்கேனும் கசிவிருக்கும். அல்லது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்திருக்கும். எங்கள் பெடல் மிதிக்க மிதிக்க இறுகியது. பின்சக்கர வீல் சிலிண்டரில் ஈரக்கசிவும் தென்பட்டது. மெக்கானிக் அதனை மாற்றினார். பின்னர் நான் பெடலை அழுத்திப் பிடிக்க, அவர் நிப்பிளைத் திறந்து மூடி, குமிழிகள் நிற்கும்வரை காற்றை வெளியேற்றினார்.

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். மலையிறக்கத்தில் பிரேக் சூடேறும்போது ஆயில் ஆவியானால், பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது.

ஆகவே இரண்டாண்டுக்கொருமுறை ஆயிலை மாற்றுங்கள். அளவு குறைந்தால் ஊற்றி நிரப்புவதோடு அமையாமல், குறைந்ததன் காரணத்தையும் தேடுங்கள். பெடல் மெத்தென்றிருந்தால், சரிசெய்யும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.