அந்திக் கணக்கு

ஜனவரி 5, 2025, ஞாயிறு

டிக்கோயாப் பக்கம் நுவரெலியா மாதிரி புல்லில் பனி உறைவதில்லை. ஆனாலும் விடியற்காலைக் குளிர் லயத்துத் தகரத்தை ஊடுருவிக்கொண்டு இறங்குகிறது. எழுந்து பார்த்தால் அடுப்படியில் நாய்கள் மூன்றும் ஒரே உருண்டையாகக் கிடக்கின்றன. எந்த வால் யாருடையது என்று சொல்ல முடியாது.

சாம்பல் ஓரம் ரோசிக்கு. அவள்தான் மூத்தவள், பல் பாதி போய்விட்டது. அவளைப்போல இரண்டு பங்கு இருக்கிற கறுப்பன் அங்கே படுத்திருந்தால் அவள் உறுமக்கூட மாட்டாள். பக்கத்தில் போய் நிற்பாள், அவ்வளவுதான். அவன் ஏதோ வேலை ஞாபகம் வந்தவன் மாதிரி எழுந்து இஸ்தோப்புக்குப் போய்விடுவான். சின்னப்பயல் மணிக்கு இடத் தகராறே கிடையாது. இரண்டு பேர் மேலும் ஏறிப் படுத்துக்கொள்வான்.

ரொட்டியைப் பிய்த்துப் பருப்புத் தண்ணியில் ஊறவைத்து ஆளுக்கொரு தட்டு வைத்தோம். தன் தட்டை அவசரமாக முடித்துவிட்டு ஒவ்வொன்றும் அடுத்ததன் காலித் தட்டுக்கு நகர்ந்தது. அதை நக்கிவிட்டு அடுத்தது. மூன்று நாயும் மூன்று காலித் தட்டுமாக இரண்டு சுற்று முடிந்த பிறகுதான் யாருக்கும் தனியாக ஒன்றும் கிடைக்கவில்லை என்று திருப்திப்பட்டன.

ஜனவரி 7, செவ்வாய்

காலை பிரட்டுக்குத் தங்கச்சி கூடையும் படங்குமாக இறங்கினால் பின்னாலேயே கறுப்பன். நான் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டால் மணி. ரோசி அம்மாவை விட்டு நகரமாட்டாள். இதை யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை. அவையாகவே பேசி முடித்துக்கொண்ட மாதிரிதான் தெரிகிறது. ஒருநாள் தங்கச்சிக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. கறுப்பன் தனியாக மலைக்குப் போய், மத்தியானக் கொழுந்து நிறுக்கும் வரைக்கும் மடுவத்து வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தானாம்.

இன்றைக்கு அவன் மேல் புகார். தேயிலைச் செடிக்குள் பூந்து எதையோ துரத்தியிருக்கிறான். "ஒங்க நாய் குளவிக் கூட்டக் கெளப்பி விட்டுச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்று கங்காணி லயத்துக்கே வந்து கேட்டார். நியாயமான கேள்வி. குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதை இங்கே எல்லோரும் பார்த்திருக்கிறோம். நாளையிலிருந்து கட்டிப்போட வேண்டும்.

ஜனவரி 8, புதன்

கட்டிப்போட்டோம். கறுப்பன் ஊளையிட்டான். கட்டாத இரண்டும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து சேர்ந்து ஊளையிட்டன. பத்து மணிக்கு மேட்டு லயத்திலிருந்து ஆள் வந்து, யாராவது செத்துப்போயிட்டாங்களா என்று அம்மாவிடம் விசாரித்தாராம்.

ஜனவரி 10, வெள்ளி

மணி மூன்று நாளாகத் தும்முகிறான். இன்று மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியது. நான் பயந்துவிட்டேன். "அட்டதான். ஓடத் தண்ணி குடிச்சிருக்கும்," என்றார் அம்மா. காலிலே ஏறும் அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் போதும், மூக்குக்குள்ளே இருப்பது வேறு சாதி.

மத்தியானம் வரை அவனுக்குத் தண்ணீர் காட்டவில்லை. பிறகு முகத்துக்கு முன்னால் ஒரு பேசினில் தண்ணீர் வைத்து, குடிக்கவிடாமல் கழுத்தை நான் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் வாடைக்கு அட்டை மெல்ல எட்டிப் பார்க்கும், அம்மா சாம்பல் தொட்ட விரலோடு காத்திருந்தார். கறுத்த நுனி ஒன்று வெளியே வந்து காற்றைத் துழாவியது. சரியாக அந்த நேரம் ரோசி வந்து பேசின் தண்ணியைச் சளப் சளப் என்று குடிக்க ஆரம்பித்தாள். அட்டை உள்ளே போய்விட்டது. மறுபடி தண்ணீர், மறுபடி காத்திருத்தல். இந்த முறை கறுப்பன். கடைசியில் இரண்டையும் காம்பராவுக்குள் போட்டுப் பூட்டின பிறகுதான் காரியம் முடிந்தது. வெளியே எடுத்த அட்டை என் சுண்டுவிரல் நீளம்.

ஜனவரி 13, திங்கள், போயா

சிவனொளிபாத மலைக்குப் போகும் வான்கள் இரவெல்லாம் ரோட்டில் ஓடின. நாய்கள் குரைக்கவில்லை. வானுக்குக் குரைப்பதில்லை, தவறணையிலிருந்து வருகிற ஆளுக்கு ஒரு குரைப்பு, பன்றிக்கு இன்னொன்று. புலிக்குக் குரைப்பே கிடையாது. இங்கே யாரும் சிறுத்தை என்று சொல்வதில்லை, புலிதான். அது வந்தால் மூன்றும் சத்தமில்லாமல் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

அதனால்தான் அம்மாவுக்கு அந்திக் கணக்கு. இருட்டும் முன் இஸ்தோப்பில் நின்று தலை எண்ணுவார், கொழுந்துப் புத்தகம் வைத்திருக்கிற கணக்கப்பிள்ளை மாதிரி. முன்பு டைகரோடு சேர்த்து நாலு. டைகர் ஒருநாள் கணக்குக்கு வரவில்லை, மறுநாள் பீலிக்கரைச் சேற்றில் கால்தடம் இருந்தது. அம்மா புலியைத் திட்டவில்லை. அதுவும் சாப்பிடத்தானே வேண்டும் என்றார்.

அவர் திட்டுவதெல்லாம் கம்பிச் சுருக்கு வைக்கிறவர்களை. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்ஷபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்கில் மாட்டியது. உடவளவைக்குக் கொண்டுபோயும் சில நாளில் செத்துப்போனது. சுருக்குக்குப் பன்றி, புலி, நாய் என்ற வித்தியாசம் இல்லை. பணிய லயத்தில் மூன்று காலோடு ஒரு நாய் இருக்கிறது.

இந்த மலையில் நாய்க் கூட்டம் வளர்த்தவர்களில் பேர்போன ஆள் சாமுவேல் பேக்கர். 1848இல் நுவரெலியாவில் குடியேற வந்தபோது சீமையிலிருந்து வேட்டை நாய்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார். அவற்றை விட்டு மரையை மடக்கிக் கத்தியால் குத்துவார். ஸ்மட், கில்பக் என்று நாய்களின் பெயர் சொல்லிப் புத்தகமும் எழுதினார். கறுப்பனின் தொங்கு காதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம்.

ஜனவரி 14, செவ்வாய்

வாசலில் தங்கச்சி ஒரு மணி நேரம் இழுத்த கோலத்தில் பன்னிரண்டு கால் நடந்திருந்தது. பொங்கல் நன்றாகப் பொங்கியது.

ஜனவரி 18, சனி

விசர்நாய்த் தடுப்பூசி போட ஆட்கள் பிரட்டுக்களத்துக்கு வந்தார்கள். இந்த நாட்டில் 1973இல் மட்டும் 377 பேர் அந்த நோயில் செத்தார்கள். இப்போது வெகுவாகக் குறைந்ததற்கு இந்த ஊசிதான் முக்கியக் காரணம். மூன்றையும் ஒரே கயிற்றில் கொண்டுபோனது என் தவறு. மணி என் காலைச் சுற்றி ஓட, கறுப்பன் எதிர்ப்பக்கம் சுற்ற, ஊசி போடும் முன் கட்டுண்டு விழுந்தது நான்தான்.

"கறுப்பனுக்குச் சொந்தக்காரர் யாரு?" என்று கேட்டதற்கு மூன்று வீட்டார் கை தூக்கினார்கள். அவன் எங்கெங்கே ராச்சோறு தின்கிறான் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கடைசியில் அம்மா பெயரை எழுதி, அரை மணி நேரத்தில் மூன்று அட்டையும் கொடுத்துவிட்டார்கள்.

அம்மா அவற்றைத் தகரப் பெட்டியில் ஈ.பி.எஃப். கடிதத்தோடும் அடையாள அட்டைப் பிரதியோடும் வைத்தார். 1948 சட்டத்தில் நாடற்றவராகி, ஒரு அட்டையும் கையில் வராமலே கண்ணை மூடிய அம்மாயியின் போட்டோவும் அதில்தான் இருக்கிறது.

"பேரு சரியா எழுதியிருக்கானான்னு பாரு," என்றார்.

பார்த்தேன். கறுப்பன் என்று சொன்னதை அந்த ஆள் சிங்களத்தில் 'களு' என்று எழுதிவிட்டார்.

"அப்ப நம்மாளுகளுக்கு எழுதுன மாதிரியேதான்," என்று சொல்லிவிட்டு அம்மா பெட்டியை மூடினார்.

இஸ்தோப்பில் நின்று "களு" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். மூன்றும் திரும்பிப் பார்த்தன.